200 மில்லிநொடி: டி.சி.பி. நோடிலே வந்த கதை

சி மொழியில் நெட்வொர்க் புரோகிராம் எழுதுகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்த விநோதத்தைச் சந்திப்பார்கள். சர்வர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. கேபிளில் குறையில்லை. சி.பி.யு. சும்மா கிடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர 40 மில்லிநொடி, சில கணினிகளில் 200 மில்லிநொடி ஆகிறது. விவரம் தெரிந்த ஒருவர் வந்து, "செட்சாக்ஆப்ட் கூப்பிட்டு நோடிலே-யை ஆன் பண்ணு" என்பார். ஒரே ஒரு வரிதான்.. புரோகிராம் பறக்கும்!

அந்த ஒரு வரியின் கதை ஒரு கார் கம்பெனியில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா?

1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டி.சி.பி./ஐ.பி. நெட்வொர்க் இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன், கலிஃபோர்னியா, கடல் தாண்டி இங்கிலாந்து என்று பரவியிருந்த அலுவலகங்களை வாடகை லைன்களும் ஒரு சாட்டிலைட் இணைப்பும் சேர்த்தன. அதன் துணை நிறுவனமான ஃபோர்டு ஏரோஸ்பேஸில் வேலை பார்த்த ஜான் நேகிள் ஒரு வீண்செலவைக் கவனித்தார். டெர்மினலில் ஒருவர் ஒரு எழுத்தைத் தட்டினால் ஒரு பாக்கெட் கிளம்புகிறது. எழுத்து 1 பைட். அதன்மேல் ஒட்டும் தலைப்பு ஐ.பி.க்கு 20, டி.சி.பி.க்கு 20, ஆக 40 பைட். ஒரு எலுமிச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போவது மாதிரி! கூடுதல் சுமை 4000 சதவீதம். ரோடு காலியாக இருந்தால் பரவாயில்லை. நெரிசல் நேரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான லாரிகள் வந்தால் பாக்கெட்டுகள் தொலையும், தொலைந்தவை மறுபடி அனுப்பப்படும், நெரிசல் இன்னும் கூடும்.

அதற்கு முன் சிலர் கையாண்ட வழி, ஒரு கால அளவு வைத்துக் காத்திருப்பது. நேகிளுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்துக் கணினிக்குப் பொருந்தும் காத்திருப்பு சாட்டிலைட்டுக்குப் போதாது, சாட்டிலைட்டுக்குச் சரியானது பக்கத்துக் கணினிக்கு எரிச்சல். 1984 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 896 என்ற ஆவணத்தில் அவர் சொன்ன விதி இதுதான்: முன்பு அனுப்பியதற்கு இன்னும் ஒப்புகை வரவில்லை என்றால் புதிய துண்டை அனுப்பாதே, சேர்த்து வை. ஒப்புகை வந்ததும் சேர்ந்ததை மொத்தமாக அனுப்பு. ரிஜிஸ்தர் தபாலின் ஒப்புகை அட்டை வந்தபிறகு அடுத்த தபாலைப் போடுவது போல. வேகமான லைனில் ஒப்புகை உடனே வரும், தாமதம் தெரியாது. மெதுவான லைனில் தானாகவே எழுத்துகள் சேரும். கடிகாரமே வேண்டாம். ஒன்றிரண்டு வரி கோடு போதும் என்று அந்த ஆவணமே சொல்கிறது. (நெட்வொர்க் வரலாற்றில் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு அழகாக இன்னொரு தீர்வைக் காண்பது கடினம்.)

அவர் பயந்தது வீண் பயமும் இல்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. அதற்கான மருந்தை வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதினார். அது தனிக்கதை.

இதே காலத்தில் இன்னொரு சிக்கனமும் டி.சி.பி.க்குள் நுழைந்தது. வந்த ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக ஒப்புகை அனுப்புவது வீண்தானே? கொஞ்சம் பொறுத்தால், திரும்பிப் போகிற பதில் பாக்கெட்டிலேயே ஒப்புகையையும் ஏற்றிவிடலாம். பெர்க்லி யூனிக்ஸில் இதற்காக 200 மில்லிநொடிக்கு ஒருமுறை அடிக்கும் ஒரு மணி இருந்தது. அதற்குள் பதில் கிளம்பவில்லை என்றால் ஒப்புகை தனியாகப் போகும். டெல்நெட்டில் தட்டும் எழுத்து உடனே திரும்பி வருவதால் அங்கே இது அருமையாக வேலை செய்தது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனைகள். சேர்த்து வைத்தால்தான் வினை.

ஒரு புரோகிராம் தன் கேள்வியை இரண்டு துண்டாக எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தலைப்பு, பிறகு உள்ளடக்கம். தலைப்பு உடனே போய்விடும். உள்ளடக்கத்தை நேகிள் விதி பிடித்து வைக்கிறது: ஒப்புகை வரட்டும்! எதிர்முனையிடம் பாதிக் கேள்விதான் இருக்கிறது, பதில் சொல்ல முடியாது. பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்று ஒப்புகையை அது பிடித்து வைக்கிறது. பந்தியில் "நீங்க முதல்ல உட்காருங்க", "இல்ல, நீங்க உட்காருங்க" என்று இரண்டு பெரியவர்கள் நின்றுகொண்டே இருப்பது மாதிரி. மணி அடிக்கும்வரை யாரும் அசைவதில்லை. ஒவ்வொரு முறையும் 200 மில்லிநொடி போனால் நொடிக்கு 5 கேள்விகள்தான், லைன் எவ்வளவு வேகமாக இருந்தாலும்.

1983-இல் வந்த 4.2 பி.எஸ்.டி.யிலேயே சாக்கெட்டின் குணங்களை மாற்ற செட்சாக்ஆப்ட் என்ற அழைப்பு இருந்தது. 1986-இல் வந்த 4.3 பி.எஸ்.டி.யில் அதன்வழியே நேகிள் விதியை அணைக்கும் டி.சி.பி. நோடிலே சுவிட்ச் கிடைத்தது. எக்ஸ் விண்டோ போன்றவற்றுக்கு இது உயிர்நாடி. மவுஸ் நகர்வைச் சேர்த்து வைத்து அனுப்பினால் திரையில் அம்பு தத்தித் தத்தித்தானே போகும்! 1989 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1122 இதை முறைப்படுத்தியது. நேகிள் விதி இருப்பது நல்லது, ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் அதை அணைக்க வழி கட்டாயம் இருக்கவேண்டும். தாமத ஒப்புகைக்கு 500 மில்லிநொடிக்குக் குறைவு என்று வரம்பும் போட்டது. 1997-இல் ஒரே இணைப்பில் பல பக்கங்களைத் தரும் ஹெச்.டி.டி.பி. முறையிலும் இதே தகராறு தலைகாட்ட, ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டன.

செட்சாக்ஆப்ட்டில் ஒரு பொறியும் உண்டு. அதற்கு ஐந்து மதிப்புகள் கொடுக்கவேண்டும்: சாக்கெட், அடுக்கு, ஆப்ஷன், மதிப்பின் முகவரி, அதன் நீளம். நோடிலே-யின் எண் 1. பொது சாக்கெட் அடுக்கில் டீபக் ஆப்ஷனின் எண்ணும் 1! லினக்ஸில் டி.சி.பி. அடுக்குக்குப் பதிலாக அவசரத்தில் சாக்கெட் அடுக்கைக் கொடுத்து, புரோகிராம் ரூட் அனுமதியில் ஓடினால், அழைப்பு வெற்றி என்று சொல்லும். தாமதம் மட்டும் அப்படியே இருக்கும்.

அணைப்பதற்கு விலையும் உண்டு. நோடிலே-யை ஆன் செய்துவிட்டுத் துண்டு துண்டாக எழுதினால் பழைய எலுமிச்சம்பழ லாரிகள் மறுபடி ரோட்டுக்கு வரும். தலைப்பையும் உள்ளடக்கத்தையும் ஒரே பஃபரில் சேர்த்து, அல்லது ரைட்வி மூலம், ஒரே அழைப்பில் எழுதுவதுதான் முறையான வைத்தியம். பலர் அதைச் செய்யாமல் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுப் போகிறார்கள். லினக்ஸில் பிறகு வந்த கார்க் ஆப்ஷன் மூடிபோட்டு மொத்தமாக அனுப்ப உதவுகிறது. குவிக்அக் ஆப்ஷன் ஒப்புகையை உடனே அனுப்பச் சொல்கிறது, ஆனால் அது நிரந்தரமில்லை, கெர்னல் தானே மாற்றிக்கொள்ளும்.

நேகிள் என்ன நினைத்தார்? தாமத ஒப்புகை பற்றித் தெரியவந்தபோது அவர் நெட்வொர்க் துறையை விட்டே போயிருந்தார். பல வருடங்கள் கழித்து இணைய விவாதங்களில், குற்றம் தன் விதியில் இல்லை, அந்த நிலையான கடிகாரத்தில்தான் என்று ஆதங்கத்தோடு எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கடிகாரமே வேண்டாம் என்றுதானே அவர் விதியை வகுத்தார்?

கோ மொழியில் டி.சி.பி. இணைப்பு திறக்கும்போதே நோடிலே ஆன் ஆகிவிடுகிறது. சி-யில், லினக்ஸில் திறக்கும் சாக்கெட்டில், யாராவது அந்த ஒரு வரியை எழுதும்வரை 1984-இன் விதிதான்.