திட்டப் படத்தில் தோட்டம்

ஒரு மாவட்டத்திற்குப் புதிய வளர்ச்சித் திட்டம் வகுப்போர் முதலில் விரிப்பது நிலப்படத்தையே. குடியிருப்புக்கு ஒரு நிறம், தொழிலுக்கு ஒரு நிறம், பயிருக்கு ஒரு நிறம் என்று அதில் தீட்டுவர். ஈப்போவைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள் பயிர் நிலத்தின் கணக்கிலேயே சேர்ந்தன. அந்நிலத்தினுள் லயங்கள் இருந்தன. கோயிலும் பள்ளியும் ஆயாக்கொட்டகையும் இடுகாடும் இருந்தன. ஓர் ஊருக்கு வேண்டிய யாவும் இருந்தும் அது ஊராக எண்ணப்படாதது ஏன்?

பேராக்கில் நகரமைப்பு நேற்று வந்த கலையன்று. 1892ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னர் ஈப்போவின் தெருக்கள் ஒழுங்குபட வகுக்கப்பெற்றன. 1921இல் சார்ல்ஸ் ரீட் என்பார் மலாய்க் கூட்டு நாடுகளின் நகரமைப்பாளராக அமர்ந்தார். 1923இல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதே 1923இல் தொழிலாளர் சட்டக்கோவையும் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. தமிழாசிரியர்கள் நன்கறிந்த விதி இது.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். நகரத்தான் வாழுமிடம் அரசினரின் பொறுப்பாயிற்று. தோட்டத்தான் வாழுமிடம் துரையின் பொறுப்பாயிற்று. லயத்து வீட்டைப் பார்வையிட வந்தவர் தொழில் இலாகா அதிகாரியேயன்றி நகரமைப்பாளர் அல்லர். தோட்டப் பள்ளிகளால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போம். தோட்டம் விலைபோனால் ஊரே போம்.

விடுதலைக்குப் பின்னும் இப்பிணைப்பு எளிதில் அவிழவில்லை. தனியார் நிலம் என்ற காரணத்தால் ஊரக வளர்ச்சித் திட்டங்கள் தோட்டங்களை ஒதுக்கியே சென்றன. அதற்கிடையில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இத்துண்டாடலை எதிர்கொள்ளவே. தொழிலாளர் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குதல் என்பது துணிவான வழி. எனினும் எல்லாத் தோட்டத்தையும் அச்சங்கம் வாங்கிவிட இயலுமா?

பத்துகாஜாவின் அருகே கெல்லி கோட்டையைக் காணாதார் அரியர். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் துரை வில்லியம் கெல்லி சிமித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாது நின்ற மாளிகை அது. தொழிலாளரிடையே நோய் பரவிப் பலர் மாண்டபொழுது எழுந்தது அண்மையிலுள்ள மாரியம்மன் கோயில் என்பது வழக்கு. தொப்பியணிந்த துரையொருவரின் உருவமும் அதன் மேல் உண்டு. சிமித்தின் உருவமே என்பர். கோட்டை இன்று சுற்றுலாப் படத்தில் ஏறிவிட்டது. கோயிலுக்கும் அதனால் சிறிது ஒளி கிடைத்தது. கோட்டை வாய்க்காத கோயில்கள் எத்தனை!

1976ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புற அமைப்புச் சட்டம் வழக்கை ஓரளவு மாற்றியது. அமைப்புத் திட்டம், அதன்கீழ் உள்ளூர்த் திட்டம் என்று அது வகுத்தது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்தில் மறுப்புரைக்க நான்கு வாரத்திற்குக் குறையாத காலம் தருதல் வேண்டும். 2001இன் திருத்தம், வரையத் தொடங்குமுன்பே மக்கள் கருத்துக் கூற இடமளித்தது. நில உரிமையற்ற லயத்துக் குடியினனும் இங்கே பேசலாம். முந்திய எந்தச் சட்டத்தைக் காட்டிலும் இது பெரிது.

ஆயினும் பேசச் செல்வோன் கையில் சான்று வேண்டுமே! கோயில் எழுந்த ஆண்டு, பள்ளி தொடங்கிய நாள், இடுகாட்டின் எல்லை, ஆற்றுக்குச் செல்லும் பழைய பாதை ஆகியவை எங்கே எழுதிக் கிடக்கின்றன? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தோட்டம் குறிக்கப்பட்டிருக்கும். கோயில் கணக்குப் புத்தகத்தில் திருவிழா வரி கொடுத்தோர் பெயர் இருக்கும். தோட்டம் மறைந்தபின் இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில பழைய தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பெயரே ஒரு சான்று. மற்றவற்றை முதியோர் வாய்மொழியாகவே கேட்டு எழுத வேண்டும். இத்தனையும் திரட்ட நான்கு வாரம் போதாது என்பதைத் தேடலில் இறங்கியோர் அறிவர். ஆதலின் இது வரைவு வெளிவந்தபின் தொடங்கும் வேலையன்று. திட்டம் வகுக்கப்போவதாக அறிவிப்பு வருமுன்னரே பதிவேடுகள் திறக்கப்பட்டிருத்தல் வேண்டும்.