‘நல்ல கொலஸ்ட்ரால்’ கூடினால் இதயத்துக்குக் கவசமா?

இரத்தப் பரிசோதனை முடிவில் எச்.டி.எல். எண் கூடுதலாக இருந்தால் பலருக்கும் ஒரு நிம்மதி. “எனக்கு நல்ல கொலஸ்ட்ரால் நிறைய இருக்கு” என்று சொல்லி, மருத்துவர் கொடுத்த ஸ்டேட்டின் மாத்திரையை ஓரங்கட்டுபவர்களும் உண்டு. இந்த நிம்மதிக்கு அறிவியலில் இப்போது அவ்வளவு ஆதாரம் இல்லை.

முதலில் ஒரு விளக்கம். கொலஸ்ட்ராலில் நல்லது, கெட்டது என இரண்டு வகை கிடையாது. கொலஸ்ட்ரால் ஒன்றுதான், அதைச் சுமந்து செல்லும் துகள்கள்தாம் வேறு. கொழுப்பு இரத்தத்தில் கரையாது என்பதால் புரதத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அந்தத் துகள்களில் மிகச் சிறியதும் அடர்த்தி மிக்கதும் எச்.டி.எல். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். மீதிப் பாதியில் பெரும்பங்கு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு; துகளின் மேல்தோல் போல இருப்பது அதுதான். உள்ளே, எஸ்டராக மாற்றப்பட்ட கொலஸ்ட்ரால் அடைந்திருக்கும். கொஞ்சம் டிரைகிளிசரைடும் உண்டு. மிகச் சிறிய அளவில் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற கொழுப்பும் இருக்கிறது. அளவு சிறிதானாலும் இரத்தக் குழாயின் உட்சுவரைக் கசியாமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

எச்.டி.எல்.லின் முக்கிய வேலை, இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி வீங்கிக் கிடக்கும் செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வாங்கி, கல்லீரலில் சேர்ப்பது. கல்லீரல் அதைப் பித்தநீர் வழியாக வெளியேற்றும்.

பரிசோதனை அளப்பது இந்த வேலையை அல்ல. துகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலை மட்டுமே அது அளக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்தினால் பாரம் தெரியும். ஒரு நாளில் அது எத்தனை நடை அடித்தது என்பது தெரியாது. ஆலையின் கதவு மூடியிருந்தால் லாரிகள் நிரம்பியபடி வரிசையில் நிற்கும். பாரம் கூடும், வேலை நடக்காது. கல்லீரலில் எச்.டி.எல்.லின் சுமையை இறக்கும் எஸ்.ஆர்.-பி1 என்ற ஏற்பி, மரபணு மாற்றத்தால் பழுதடைந்தவர்களிடம் இதுதான் நடக்கிறது. அவர்களுக்கு எச்.டி.எல். மிக அதிகம், ஆனாலும் இதயநோய் ஆபத்து கூடுதலாக இருந்ததை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதற்கு நேர்மாறு, இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் உள்ள லிமோனே என்ற சிற்றூர். அங்கு சில குடும்பங்களில் எச்.டி.எல். புரதம் சற்று மாறியிருக்கிறது. எண் மிகக் குறைவு; ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இதயநோய் இல்லை.

மருந்தால் எண்ணை உயர்த்தியும் பார்த்துவிட்டார்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்தை ஏறத்தாழ 15,000 பேரிடம் சோதித்தபோது எச்.டி.எல். 72 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியது. 2006 டிசம்பரில் சோதனையே நிறுத்தப்பட்டது. நியாசின் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனைகளிலும் பலன் கிடைக்கவில்லை. 2017இல் டென்மார்க் ஆய்வு ஒன்றில், ஆண்களுக்கு 3.0, பெண்களுக்கு 3.5 மில்லிமோலைத் தாண்டியவர்களிடம் இறப்பு விகிதம் அதிகமாகவே இருந்தது.

அப்படியென்றால் எச்.டி.எல். குறைந்தால் கவலை வேண்டாமா? வேண்டும். மலேசிய சிகிச்சை வழிகாட்டிப்படி ஆண்களுக்கு 1.0, பெண்களுக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் இருப்பது நல்லது. இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவது, எச்.டி.எல். குறைந்து டிரைகிளிசரைடு கூடியிருக்கும் நிலை. வயிற்றுக் கொழுப்பும் இனிப்பு நீரும் அதற்குக் கூட்டாளிகள். இரத்தத்தில் டிரைகிளிசரைடு கூடும்போது அது எச்.டி.எல். துகளுக்குள் புகுந்து கொலஸ்ட்ராலை வெளியே தள்ளுகிறது. அப்படி மாறிய துகளை உடல் விரைவில் கழித்துவிடுகிறது. ஆக, குறைந்த எண் என்பது வேறு எங்கோ கோளாறு இருப்பதற்கான எச்சரிக்கை. அதற்கான பதிலும் தட்டில் குவியும் சோற்றையும், தே தாரிக்கின் இனிப்பையும் குறைப்பதிலும், நடப்பதிலும், சிகரெட்டை விடுவதிலும்தான் இருக்கிறது.

மது குடித்தால் எச்.டி.எல். கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு டிரைகிளிசரைடும் இரத்த அழுத்தமும் கூடும்; இதைச் சாக்காக வைத்துக்கொண்டு உட்காருபவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கலாம். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். எச்.டி.எல்.லோடு எல்.டி.எல்.லையும் உயர்த்துகிறது.

அறிக்கையைப் படிக்கும்போது மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். மொத்தம் 6.2, எச்.டி.எல். 1.6 என்றால் மிச்சம் 4.6. குழாயில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் இந்த 4.6க்குள்தான் இருக்கிறது. அதை எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது ஒருவருக்கு இனிப்பு நீர், இரத்த அழுத்தம், முன்பு வந்த மாரடைப்பு இவற்றைப் பொறுத்து மாறும். மாத்திரையைத் தொடர்வதா வேண்டாமா என்று மருத்துவரிடம் கேட்கும்போது காட்ட வேண்டிய எண்ணும் இதுதான்.