பிடி அரிசி: செஞ்சிச் சீமையிலிருந்து ஒரு நன்றிக் கணக்கு

செஞ்சிக் கோட்டைக்குப் போனவங்க ராஜகிரி அடிவாரத்துல இருக்கிற நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் கல்யாண மஹாலைப் படம் எடுத்துட்டு, களஞ்சியத்துல ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு மேலே ஏறிடுவாங்க. எனக்கு அந்தத் தடித்த சுவர்களைப் பார்த்தா யார் விளைவித்த நெல் இது என்ற கேள்விதான் வரும். 1690லிருந்து 1698 வரை முகலாயப் படை சூழ்ந்து கிடந்தபோது ராஜாராம் இந்தக் கோட்டையில் தாக்குப்பிடித்தார் என்றால், அதில் இந்த மாதிரிக் களஞ்சியங்களுக்கும் பங்கு உண்டு. 2025இல் மராத்தியக் கோட்டைகளோடு சேர்த்து செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. நெல் கொண்டுவந்து கொட்டியவர்களைப் பற்றி அறிவிப்புப் பலகை எதுவும் சொல்லாது.

இந்தக் கட்டுரை அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் பற்றியது. அவர்களில் கிறிஸ்தவரானவர்கள் கடவுளுக்கு எப்படி நன்றி சொன்னார்கள் என்பது பற்றியது.

செஞ்சியையும் கிறிஸ்தவத்தையும் சேர்த்துத் தேடினால் சீக்கிரமே அகப்படும் பெயர் நிக்கோலாஸ் பிமெந்தா. இயேசு சபைக் குரு. 1597இல் வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தார். இந்தியாவில் தான் கண்ட ஊர்களிலேயே பெரியது இதுதான், போர்ச்சுகலில் லிஸ்பன் ஒன்றுதான் இதைவிடப் பெரியது என்ற பொருளில் எழுதினார். அது அரண்மனைக்கு வந்த விருந்தாளியின் கதை. குடிசைக்குள்ளே கிறிஸ்தவம் என்ன ஆச்சு என்று பார்க்க 19ஆம் நூற்றாண்டுக்குத்தான் வரணும்.

1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பிறகு செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனத்தில் அதற்கு ஒரு நிலையம் ஏற்பட்டது. வடக்கே சேத்துப்பட்டில் தர்ராஸ் என்ற பிரெஞ்சு சாமியார். இன்றைக்கும் அங்குள்ள லூர்து மாதா கோயிலோடு அவர் பேரைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இவர்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத படியாட்கள். கூலியே தானியம்தான்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876–78. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆம்பிளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஓர் அணா போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் பல இடங்களில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. கூடவே ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது: அரிசிக் கிறிஸ்தவர். சோத்துக்கு மாறினவங்க.

இந்த ஏச்சுக்குப் பதில் சொல்லப் பலரும் வாதம் செய்திருக்கிறார்கள். என் கண்ணில் அதைவிடக் கனமான பதில், தமிழ்ச் சபைகளில் வேரூன்றிய ஒரு வழக்கம்தான். உலை வைக்கும்போது அரிசியை அளந்து எடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு ஜெபம் முணுமுணுத்து, தனிப் பானையில் போடுவது. பிடி அரிசிக் காணிக்கை. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அரிசி வாங்கினவங்க என்று பேரெடுத்தவர்கள் அரிசி கொடுக்கிறவர்களாக ஆனார்கள்.

எங்க வீட்டு அரிசியை நிறுத்துப் பார்த்தேன். ஒரு பிடி ஏறக்குறைய 45 கிராம். தினம் ஒரு பிடி என்றால் மாசத்துக்கு 1 கிலோ 350 கிராம். 50 வீடு உள்ள சேரியில் 67 கிலோவுக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு மூட்டை. ஓர் உபதேசியார் குடும்பம் சாப்பிட அது கணிசமான உதவி. டோர்ணக்கல்லின் பேராயர் அசரியா (நெல்லைச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர்) ஏழைக்கும் கொடுக்கக் கற்றுத்தர வேண்டும் என்று விடாமல் சொன்னவர். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மிசோரத்தில் இதே வழக்கம் 1910வாக்கில் தொடங்கி, இன்று அங்குள்ள பிரஸ்பிட்டீரியன் சபைக்குப் பெரிய வருமானம். இந்துக்களிடமும் பிடி அரிசி உண்டு, காஞ்சி மடத்தின் திட்டம் பலருக்கும் தெரியும். ஆக, மிஷனரி கப்பலில் கொண்டுவந்த சரக்கு என்று இதைச் சொல்லிவிட முடியாது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. நம்ம பழைய தமிழில் ‘நன்றி’ என்றால் வாயால் சொல்கிற வார்த்தை இல்லை. ஒருவர் செய்த நன்மை. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’தானே. அறியணும், மறக்கக்கூடாது. கிராமத்தில் தண்ணீர் கொடுத்த பாட்டிக்கு ‘நன்றி’ன்னு சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. ஆனா இந்த அழகான சொல்லுக்கு ஒரு கசப்பான உபயோகமும் இருந்தது. ‘எங்க உப்பைத் தின்னவன்தானே நீ?’ என்று ஆண்டை கேட்டால், படியாள் வாய் திறக்க முடியாது. களத்தில் அளந்து போட்ட கூலியே தர்மம் மாதிரி ஆகி, நன்றி என்பது ஆளைக் கட்டிப்போடும் கயிறானது.

தினம் ஒரு பிடியை எடுத்து, ‘இது ஆண்டவர் கொடுத்தது’ என்று ஒரு பெண் தன் அடுப்படியில் சொல்லும்போது அந்தக் கணக்கு மாறுகிறது. சோறு ஆண்டை போட்டதில்லை. அப்போ கடனும் அவருக்கில்லை. பைபிள் தெரிந்தவர்களுக்கு ஏழை விதவையின் இரண்டு காசு ஞாபகம் வரலாம்.

எல்லாம் சரியாகத்தான் நடந்ததா? எனக்கு இரண்டு தயக்கம். ஆண்டைக்குப் பட்ட நன்றி அப்படியே மிஷன் பங்களாவுக்கு, பின்னால் சபைத் தலைவர்களுக்கு இடம் மாறிய ஊர்களும் இருக்கத்தான் செய்யும்; ‘சாமி போட்ட சோறு’ என்ற பேச்சு அதன் அடையாளம். அடுத்தது, குழந்தைக்கே கஞ்சி பற்றாத வீட்டில் அந்தப் பிடி யார் பங்கிலிருந்து போச்சு? கடைசியாகச் சாப்பிடுகிறவள் பங்கிலிருந்துதான். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் கோழியும் ஏலம் போகும்போது ஏலம் எடுத்தவர் பேரை மைக்கில் வாசிப்பார்கள். பானையில் போட்டவள் பேர் எங்கேயும் கிடையாது.

இப்போ ரேஷன் அரிசி வந்தாச்சு, நிறைய வீடுகளில் அடுப்படிப் பானை போய் காணிக்கைக் கவர் வந்தாச்சு. கவரில் குடும்பத் தலைவர் பேர் எழுத ஒரு கோடு போட்டிருக்கும். நான் பார்த்த கவர்களில் பெரும்பாலும் அந்தக் கோட்டில் ஆம்பிளை பேர்தான்.