லாவெண்டரும் வெந்துபோன கைகளும்

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரம். 1910-ம் வருடம், ஜூலை மாதம். வாசனைத் திரவியங்கள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ‘டமார்’ என்று ஒரு வெடி! ரெனே மோரிஸ் கட்ஃபோஸே என்ற இளம் ரசாயன நிபுணரின் கைகள் வெந்துபோகின்றன. வலி தாங்காமல் பக்கத்தில் இருந்த தொட்டிக்குள் கையை விடுகிறார். அதில் இருந்தது தண்ணீர் அல்ல, லாவெண்டர் எண்ணெய். என்ன ஆச்சரியம்... வலி பறந்துவிட்டது, தழும்புகூட இல்லாமல் கை ஆறிவிட்டது!

அழகு நிலையத்திலோ, ‘அரோமாதெரபி’ பற்றிய புத்தகத்திலோ இந்தக் கதையை நீங்களும் கேட்டிருக்கலாம். கிட்டத்தட்ட சினிமா காட்சிதான். ஒரே ஒரு சிக்கல். சம்பந்தப்பட்ட மனிதரே 1937-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்!

அவர் சொல்வது இதுதான்: வெடித்ததும் உடம்பில் தீ பற்றியது. வெளியே ஓடி, புல்தரையில் உருண்டு தீயை அணைத்தார். தொட்டியும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. அதற்குப் பிறகுதான் நிஜமான ஆபத்து வந்தது. இரண்டு கைகளிலும் ‘கேஸ் காங்ரீன்’!

அது என்ன என்கிறீர்களா? காற்றுப் படாத ஆழமான புண்ணில் வளரும் ஒரு வகை பாக்டீரியா செய்யும் வேலை. சதையை அழுகவைத்து, உள்ளே வாயுவைக் கிளப்பும். அமுக்கினால் தோலுக்கடியில் ‘நறநற’ என்று சத்தம் கேட்கும். மணிக்கணக்கில் பரவும். அப்போது பென்சிலின் கிடையாது (அது கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான்). கையையோ காலையோ வெட்டி எடுப்பதுதான் டாக்டர்களுக்குத் தெரிந்த முக்கிய வழி. பல சமயம் அதுவும் பலிக்காது.

அந்த நிலையில்தான் கட்ஃபோஸே லாவெண்டர் எண்ணெயால் கைகளைக் கழுவினார். தெரிந்தே செய்த காரியம் அது. ஒரே ஒரு தடவை கழுவியதில் வாயு பரவுவது நின்றது, நன்றாக வியர்த்தது, மறுநாளே புண் ஆற ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறார். ஒரு நோயாளி, அவரே வைத்தியர், அவரே சாட்சி! இன்றைய விஞ்ஞானம் இதை நிரூபணமாக ஏற்காது. ஆனாலும், கைகள் பறிபோகும் நிலையில் இருந்த ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த ரசாயனத்தை நம்பினாரே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

லாவெண்டர் அவருக்கு ஒன்றும் புதுசு இல்லை. குடும்பத் தொழிலே வாசனைதான். ப்ரோவான்ஸ் மலைச் சரிவுகளில் விவசாயிகள் லாவெண்டர் பூவை அறுத்து, கொப்பரையில் போட்டு நீராவியில் எண்ணெய் வடித்தார்கள். அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த அவர்களோடு சேர்ந்து உழைத்தவர் இவர். முதல் உலகப் போர் முடியும் சமயம், 1918-ல், வாசனை எண்ணெய்கள் கலந்த கிருமிநாசினி சோப் தயாரித்தார். அந்த 1937-ம் வருடப் புத்தகத்துக்கு அவர் சூட்டிய பெயர்தான் ‘அரோமாதெரபி’. இன்று பார்லர்களில் மெழுகுவத்தி ஏற்றி, மெல்லிசை போட்டுச் செய்கிறார்களே, அதுவல்ல அவர் மனதில் இருந்தது. அவருக்கு அது மருத்துவம். எந்த எண்ணெயில் என்ன ரசாயனம், அது எந்தக் கிருமியைக் கொல்லும் என்பதுதான் கேள்வி. 1950-ல் காஸாபிளாங்காவில் இறந்துபோனார்.

சரி, லாவெண்டரில் விஷயம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது! அதன் மணத்துக்குக் காரணமான ‘லினலூல்’ என்ற பொருளை ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் எலிகளை முகரவைத்தார்கள். பதற்றம் குறைந்தது. மோப்ப சக்தியை இழந்த எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு சேதி போகிறது. 2018-ல் வெளியான ஆய்வு இது. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடைத்த கேப்ஸ்யூலை மனப் பதற்றத்துக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள். 2010-ல் வெளியான ஆறு வார சோதனை ஒன்றில், 77 பேரில், அது ‘லோராஸிபாம்’ என்ற பிரபல மாத்திரைக்கு ஈடாக வேலை செய்தது. (இந்த கேப்ஸ்யூல் பற்றிய ஆய்வுகள் பலவும் தயாரிப்பாளரின் ஆதரவில் நடந்தவை என்பதையும் ஓரமாக நினைவில் வையுங்கள்!) அதற்காக, கடையில் விற்கிற வாசனை எண்ணெயை வாங்கிக் குடித்துவைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

அந்தத் தொட்டிக் கதைதான் விவகாரமானது. அதை நம்பி, சுட்டுக்கொண்ட உடனே எண்ணெயைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. நம்ம ஊரில் லாவெண்டருக்குப் பதில் பேனா இங்க், பற்பசை, தோசை மாவு! எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ்கூட வைக்கக் கூடாது. காயம் பெரிதாக இருந்தால் சுத்தமான துணியால் மூடி, டாக்டரிடம் ஓடுங்கள். கட்ஃபோஸேகூட வெந்த உடனே லாவெண்டரைத் தேடி ஓடவில்லையே... கிருமி உள்ளே புகுந்து சதை அழுக ஆரம்பித்த பிறகுதான் அந்த பாட்டிலை எடுத்தார்!