வால்வு வேலை

வால்வு வேலை என்பது இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதிலுள்ள வால்வுகளும் அவை உட்காரும் சீட்டுகளும் மறுபடி கசிவில்லாமல் பொருந்தும்படி செய்யும் பராமரிப்பு. மெக்கானிக்குகள் பேச்சில் இது 'ஹெட் வேலை'. காவிரிப் படுகையில் இந்த வேலையை இரண்டு இன்ஜின்களை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. ஒன்று அம்பாசிடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். மற்றொன்று வயலோரத்தில் பில்டர் பாயிண்ட் என்னும் ஆழமில்லாக் குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திறக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், வால்வு 1500 தடவை திறந்து மூடும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை ஓட்டத்தில் 700 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் கொஞ்ச நேரத்தில், ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகல வளையம் வழியாகவே ஹெட்டுக்கு இறங்க வேண்டும். நடுவில் ஒரு துணுக்குக் கரி மாட்டினாலும் போதும், அந்த இடத்தில் சூடு இறங்காது; சந்தில் நெருப்பு பாயும். அப்படி எரிந்த வால்வைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓரம் எலி கடித்த அப்பளம் போல இருக்கும்.

ஆயில் இன்ஜினில் இந்தக் கோளாறை விவசாயி கையாலேயே கண்டுகொள்வார். அதில் டீகம்ப்ரஷன் லிவர் ஒன்று உண்டு. அதைத் தூக்கினால் வால்வு திறந்தபடி நிற்கும், ஹேண்டில் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லிவரை விட்டால் கையை எதிர்த்து ஒரு முட்டு வர வேண்டும். முட்டு வராமல் ஹேண்டில் வழுக்கிக்கொண்டு சுற்றினால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று பொருள். ஆயில் இன்ஜின் டீசலில் ஓடுவது; அதற்கு பிளக் கிடையாது, அழுத்தச் சூட்டிலேயே பற்ற வேண்டும். அதனால் வால்வு கசிந்தால் முதலில் தெரிவது ஸ்டார்ட் ஆகாத தொல்லைதான். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். அணை திறப்பு தள்ளிப்போனால் குறுவை நாற்றங்காலுக்கு நிலத்தடி நீர்தான் கதி. அந்த வாரத்தில் இன்ஜின் படுத்துவிட்டால் நாற்று காயும். கோடையிலேயே ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

அம்பாசிடரின் கதை வேறு. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்தக் காரில், 1959 வாக்கில் பழைய சைடு வால்வு இன்ஜினுக்குப் பதிலாக பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் வந்தது. எட்டு வால்வுகளும் ஹெட்டில் ஒரே வரிசை. கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருந்து, புஷ் ராடும் ராக்கரும் வழியாக அவற்றைத் தள்ளும். ஹெட் வார்ப்பிரும்பு, சீட்டுகள் தனியாகப் பொருத்தப்பட்டவை அல்ல, அந்த இரும்பிலேயே வெட்டப்பட்டவை. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் அது சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றியது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே. காற்றுக்கு நல்லது, பழைய ஹெட்டுகளுக்குத்தான் சோதனை. படலம் இல்லாததால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை மெல்ல அரித்து உள்ளே அமுங்கும். அமுங்க அமுங்க வால்வின் வால் ராக்கரை நோக்கி ஏறி, இரண்டுக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளி சுருங்கும். சத்தம் குறைந்துவிட்டது என்று சொந்தக்காரர் சந்தோஷப்படும் கட்டம் அதுதான். இடைவெளி அறவே போனால் வால்வு முழுசாக மூடாது, எரியத் தொடங்கும். டேப்பெட் தட்டுகிற கார் பல வருஷம் ஓடும், தட்டாத காரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு நிரந்தர வழி, லேத்தில் பழைய சீட்டைக் கடைந்தெடுத்துவிட்டுக் கடினமான சீட்டு வளையத்தை இறுக்கிப் பொருத்துவது.

ஹெட்டைக் கழற்றும் முன் கோளாறு எங்கே என்று உறுதி செய்வது உண்டு. பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்து, குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹெட் நட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி ஹெட்டை எடுப்பார்கள். ஸ்பிரிங்கை அமுக்கி லாக்குகளை எடுத்தால் வால்வு கையோடு வரும். ஓர் அட்டையில் எட்டு துளை போட்டு, நம்பர் எழுதி, வால்வை அந்தந்தத் துளையில் செருகி வைப்பது நல்ல பட்டறையின் அடையாளம். இடம் மாறினால் பழகிய சீட்டும், வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடும் மாறிப்போகும். கரியைச் சுரண்டிய பிறகு கைடில் வால்வு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த கைடை விட்டுவிட்டு சீட்டை மட்டும் சரிசெய்வது வீண். வால்வு ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் உட்காரும்.

அடுத்தது லேப்பிங். வால்வின் முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே மத்து கடைவதுபோல இப்படியும் அப்படியும் சுழற்றுவார்கள். இடையிடையே வால்வைத் தூக்கி இடம் மாற்றி வைப்பார்கள். முதலில் முரட்டுப் பேஸ்ட், பிறகு நைஸ். சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் விழுந்தால் போதும். அதற்கு மேல் தேய்ப்பது ஆர்வக்கோளாறு. சீட் அகன்று கரி பிடிக்கும். குழி விழுந்த சீட்டுக்கு லேப்பிங் பயன்படாது, கட்டர் போட்டு 45 டிகிரியில் வெட்டியாக வேண்டும். கடைசியில் மண்ணெண்ணெயில் பேஸ்ட் துளியும் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். மிஞ்சிய துகள் கைடையும் சிலிண்டரையும் தின்னும்.

வால்வுகளை ஸ்பிரிங்கோடு பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, எரியறைக் குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவைப்பது பழைய சோதனை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து போர்ட்டுக்குள் பார்த்தால் ஈரம் இருக்கக் கூடாது.

பிறகு புது ஹெட் பேக்கிங் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக முறுக்குவார்கள். டேப்பெட் வைப்பதற்கு அம்பாசிடர்காரர்களிடம் ஒன்பது கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவது; இரண்டையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கையில் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பேக்கிங் அமுங்கியிருக்கும் என்பதால் நட்டுகளை மறுபடி முறுக்கி, எட்டு டேப்பெட்டையும் இன்னொரு முறை பார்ப்பார்கள்.