அத்திரம்பாக்கத்துக் கற்கத்தி

கத்தியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரும்பிலிருந்தே தொடங்குவர். குயம், நவியம் முதலிய சங்ககாலச் சொற்களைத் தொகுத்துக் கொல்லன் உலைக்களத்தோடு அமைந்துவிடுவர். திருவள்ளூர் மாவட்டத்துக் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கமோ அவ்வரலாற்றை இரும்புக்கு நெடுந்தொலைவு முன்னே கொண்டு செல்கின்றது.

1863 மே 30ஆம் நாள், நிலப்பொதியியல் ஆய்வாளர் இராபர்ட் புரூசு பூட் பல்லாவரத்தில் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்து, அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டார். பின்னர்ப் பலர் ஆராய்ந்த இவ்விடத்தில், 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் விரிவான அகழாய்வு நடத்தினர்.

பூட் கண்டதைக் கைக்கோடரி என்கிறோம். இஃது ஆங்கில வழக்கைத் தழுவிய பெயர். கோடரிக்குக் காம்பு வேண்டும். இதற்கோ பிடியும் வாயும் ஒரே கல். கைக்குள் அடங்கும் அடியும், இருபுறமும் சில்லு பெயர்த்துக் கூராக்கிய ஓரமும் உடையது. அறுத்தற்கும் உரித்தற்கும் ஏற்ற இதனைக் கத்தியின் இனத்தோடு சேர்ப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. இவ்வகைக் கருவிகள் அங்கே ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அதனினும் ஆராயத்தக்கது மேலடுக்குகளில் காணும் மாற்றம். பெருங்கருவிகள் அருகிச் சிறுகருவிகள் மிகுகின்றன. குவார்ட்சைட் என்னும் கடுங்கல்லைக் கண்டவாறு உடைக்கவில்லை. முதலில் கருக்கல்லின் மேற்பரப்பைச் சுற்றிலும் செதுக்கி ஒழுங்குபடுத்தி, பின்னர் ஓர் அடியால் தாம் கருதிய வடிவிலேயே மெல்லிய சில்லைப் பெயர்த்துள்ளனர். லெவல்வா முறை எனப்படும் இதில், கத்தி கல்லினின்று பிரியுமுன்னரே செய்வோன் உள்ளத்தில் உருப்பெற்றுவிடுகின்றது. கைத்திறனினும் முன்னறிவே ஈண்டு மிகுதி.

இம்மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கியதென, 7,000க்கு மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து 2018இல் அக்குழுவினர் வெளியிட்டனர். காலக்கணிப்பில் 64,000 ஆண்டு வரை முன்பின் இருத்தல் கூடும். அங்ஙனமாயினும், ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பின்னரோ ஆப்பிரிக்காவினின்று வந்த தற்கால மனிதரே இந்நுட்பத்தை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர் என்னும் கொள்கை இதனால் தளர்கின்றது. முன்னரே வேறொரு கூட்டத்தார் வந்தனரா, அன்றி இங்கேயே இது தோன்றி வளர்ந்ததா என்பது முடிந்த வழக்கன்று.

இதனைக் கொண்டு, தமிழரே அக்கத்தியைச் செய்தனர் என மேடைகளில் முழங்குவாரும் உளர். செய்தோர் எம்மனித இனத்தார் என்று துணிதற்குரிய எலும்பு இதுகாறும் அத்திரம்பாக்கத்தில் கிடைத்திலது. அவர் பேசிய மொழி யாது, பேச்சு இருந்ததா என்பனவற்றைக் கல் சொல்லாது. அடித்த அடியின் தழும்பு ஒன்றே அதன்கண் உள்ளது.