இராக்கொடியும் சுக்கானும்

மார்கழி, தை மாதங்களில் கரவெட்டி வயல்வெளியிலிருந்து வல்வெட்டித்துறைக் கடற்கரை வரை வானம் பட்டங்களுக்கு உரியது. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி, படலம் எனப் பெயர்கள் பல. அவற்றின் அழகை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வியப்பளிப்பது இராக்கொடி. பட்டத்தை ஏற்றி, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். விண் கூவியபடி அது விடியும்வரை தானே நிற்கும்.

தானே நிற்பது என்பதில்தான் கதை இருக்கிறது. கையில் நூல் இருந்தால் இழுத்தோ இளக்கியோ பிழையைத் திருத்தலாம். இராக்கொடிக்கு அந்த வாய்ப்பில்லை. திருத்தம் முழுவதும் ஏற்றுமுன்பே முடிந்திருக்க வேண்டும். பட்டம் காற்றை எந்தச் சாய்வில் ஏற்பது என்பதை முச்சை தீர்மானிக்கிறது. முடிச்சை ஒரு விரல் மேலே நகர்த்தினால் பட்டம் தலைக்கு மேலே ஏறும், மிஞ்சினால் குத்தும். கீழே நகர்த்தினால் இழுவை கூடும், உயரம் குறையும். ஒருபக்க நூல் சற்று நீண்டாலே பட்டம் சாய்ந்து சுற்றத் தொடங்கும். மீதியை வால் பார்த்துக்கொள்ளும். காற்று வலுத்தால் வாலை நீட்டுவார்கள், தளர்ந்தால் வெட்டுவார்கள். வால் போதாவிட்டால் பட்டம் ஆடும், மிகுந்தால் எழும்பாது.

இதே சிக்கலைப் பாரிசில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் 1871இல் எதிர்கொண்டார். முறுக்கிய இறப்பரால் சுழலும் விசிறி கொண்ட அவருடைய சிறு விமானம், துய்லரிப் பூங்காவில் ஏறத்தாழ 11 விநாடி பறந்தது. கைவிட்ட பிறகு அதைத் திருத்த எவருமில்லை. இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்ததும், பின்னால் ஒரு வாலிறக்கை வைத்ததுமே அதன் நிதானத்துக்குக் காரணம். இன்று காற்றசைவற்ற மண்டபங்களில் விடப்படும் மாதிரி விமானங்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றுள் உலகப் போட்டிக்குரிய வகையில் இறக்கை 55 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. இறப்பர் நீங்கலாக எடை 1.4 கிராமுக்குக் குறையக்கூடாது. 20 நிமிடத்துக்கு மேலும் அவை மிதக்கும். சுக்கானை மயிரிழை திருப்பி வைத்தால் சுவரில் மோதாமல் வட்டமிடும். சுக்கானின் பரப்பு மட்டும் கணக்கன்று. இறக்கையிலிருந்து அது எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதும் சேர வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் சிறிய சுக்கானே போதும்.

எங்கள் பெட்டிப்பட்டத்துக்கு வாலே வேண்டாம். அதன் செங்குத்துச் சுவர்களே சுக்கானாக வேலை செய்கின்றன. இவ்வடிவை 1893இல் அவுஸ்திரேலியாவில் உருவாக்கிய லோரன்ஸ் ஹாக்ரேவ், மறு ஆண்டு நவம்பரில் நான்கு பெட்டிகளைக் கோத்துத் தாமே 16 அடி உயர எழும்பினார். அமெரிக்கரான வில்லியம் எடி, வாலில்லாத மலாய்ப் பட்டங்களின் வழியே வளைந்த பட்டமொன்றைச் செய்து 1900இல் காப்புரிமையும் பெற்றார். மலாய்க் கிராமத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை!

வல்வெட்டித்துறைக்குச் சுக்கான் புதிதன்று. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி அங்கு கட்டிய கப்பல்தான். ஆனால் முச்சையின் அளவும் வாலின் நீளமும் கைக்குக் கை வந்தவை. அப்படி வருவது அறுந்துபோகவும் கூடும். 1987 மே 26இல் வடமராட்சியில் ‘ஒப்பரேஷன் லிபரேஷன்’ தொடங்கியபோது வானத்திலிருந்து வந்தவை வேறு. இரவில் அண்ணாந்து பார்ப்பதற்கும் வேறு காரணம் பிறந்துவிட்டது.

போருக்குப் பின் தைப்பொங்கல் பட்டப்போட்டி பெரிதாக வளர்ந்திருக்கிறது. பத்திரிகைகளில் வண்ணப்படமும் அடியில் இரண்டு வரியும் வரும். எத்தனை அடி, என்ன உருவம் என்பதோடு செய்தி முடிந்துவிடும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பெரும் பட்டமொன்றின் கயிற்றை விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஏறத்தாழ 40 அடிக்குத் தூக்கப்பட்டு உயிர் தப்பினார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. அந்தப் பட்டத்தின் முச்சை எங்கே முடியப்பட்டிருந்தது, வால் எவ்வளவு என்று கேட்டு எழுதிய செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. மூங்கில் சீவும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு முழக்கோலும் கொப்பியும் கொண்டு போனால், ஒரு தைமாதத்துக்குள் அளவுகளை எழுதி எடுத்துவிடலாம்.